வெயிலில் படுத்துக் கிடக்கும் புலிக்கு என்ன வேலை?

மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு மிருகக்காட்சி சாலைக்குப் போய்த் திரும்புகிறவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஒண்ணுமே அசையலீங்க, எல்லாம் அங்கங்க படுத்தே கெடக்குது." டிக்கெட் எடுத்து, பிள்ளைகளை வெயிலில் நடக்க வைத்து, கடைசியில் ஒரு மூலையில் தெரியும் முதுகை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் யாருக்கும் மனசு ஆறாது. அந்த ஆற்றாமையில்தான் கம்பி ஓரம் நின்று கைதட்டுவதும், விசிலடிப்பதும், சின்னக் கல்லை எடுத்து வீசுவதும் நடக்கின்றன. அங்கே படுத்திருக்கும் விலங்கு தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையில் இருக்கிறது என்று தெரிந்தால், கல்லெடுத்த கை கீழே இறங்கும் என்று நம்புகிறேன். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கோடை லீவு என்றால் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஊட்டியும் ஏற்காடும்தான். 2024 மே மாதத்தில் ஊட்டிக்கு இ-பாஸ் முறை வந்தபிறகு, கிளம்புவதற்கு முன்பே யோசிக்க வேண்டியதாகிவிட்டது. ஒரே நாளில் போய்வரக்கூடிய இடமாகத் தேடுகிறவர்களுக்குச் சேலத்தில் சேர்வராயன் மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. வனத்துறை நடத்தும் பூங்கா, 1981-இல் தொடங்கியது. உடுமலை, தாராபுரம் பக்கத்தவர்களுக்கு அமராவதி அணையை ஒட்டிய முதலைப் பண்ணை. ஈரோடு, கோபி, சத்தியிலிருந்து வேன் பிடித்துத் திம்பம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மைசூர் ஜூவுக்குப் போவதும் உண்டு. அது 1892-இல் தொடங்கிய பூங்கா. ஊரும் மேட்டு நிலம் என்பதால் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும். கோவைக்கு என்றே இருந்த வ.உ.சி. பூங்காவின் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கொங்கு நாட்டு வெயிலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பொள்ளாச்சிப் பக்கத்தை ஓரளவு ஆற்றிவிடும். கிழக்கே போகப்போக அந்தக் காற்றின் தயவு குறைந்துவிடும். ஈரோடும் சேலமும் கரூர் பரமத்தியும் கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. கடற்கரை ஊர்களின் பிசுபிசுப்பு இல்லாத, வறண்ட வெயில் இது. அந்த வறட்சியில் ஒரு நன்மையும் ஒரு கேடும் சேர்ந்தே இருக்கின்றன.

உடல் சூட்டுக் கணக்கை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தின்றதைச் செரிக்கும்போதும் தசைகள் அசையும்போதும் உடம்பு ஓயாமல் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. சுற்றியிருக்கும் காற்று உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை அந்தச் சூடு தோல் வழியாகத் தானே வெளியேறிவிடும். பெரும்பாலான பாலூட்டிகளின் உடல் வெப்பம் 36-இலிருந்து 39 டிகிரிக்குள் நிற்கும். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது கணக்கு தலைகீழாகிறது. காற்றிலிருந்தும் தரையிலிருந்தும் சூடு உடம்புக்குள் வரத் தொடங்குகிறது. அப்போது சூட்டை வெளியே தள்ள மிஞ்சுவது நீர் ஆவியாகும் வழிதான். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே கணக்கில்தான். தோலில் ஊறிய ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோய்விடும். வறண்ட காற்றில் நீர் வேகமாக ஆவியாகும், அது நன்மை. அதே வேகத்தில் உடம்பின் தண்ணீரும் காலியாகும், அது கேடு. கொங்கு நாட்டில் கோடையில் ஒரு விலங்கைக் காப்பாற்றுவது என்றால் முதலில் தண்ணீரைக் கவனிப்பதுதான்.

மனிதத் தோலில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. வியர்த்துத் தப்பிப்பதில் நம்மை மிஞ்சக்கூடிய உயிர்கள் மிகக் குறைவு. கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவற்றில் பலவற்றுக்கு இந்த வசதியே கிடையாது. அவை அசைவைக் குறைத்து உள்ளே உண்டாகும் சூட்டைக் குறைக்கும், நிழலுக்கு நகரும், தண்ணீரிலோ சேற்றிலோ இறங்கும், வாயைத் திறந்து மூச்சிரைக்கும். மூச்சிரைப்பதற்குத் தண்ணீரும் செலவாகும், தசையும் உழைக்க வேண்டும். அதனால் பெரும்பாலான விலங்குகள் அதைக் கடைசியாகத்தான் கையில் எடுக்கும். முதல் வழி, அசையாமல் படுத்துக்கொள்வது.

கட்டுத்தரையில் தெரிகிற பாடம்

இதைக் கொங்கு நாட்டு விவசாயிக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காங்கேயம் மாட்டையும் எருமையையும் அடுத்தடுத்துக் கட்டி வளர்த்தவர்களுக்குக் கட்டுத்தரையிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாத வாக்கில் நிறம் மாறிச் சாம்பலும் வெள்ளையுமாகும். அந்த வெளிர் மயிர் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது; அதன் அடியில் இருக்கும் கறுத்த தோல், மயிரைத் தாண்டி வரும் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியும் தளர்ந்த தோலும் சூடு வெளியேறும் பரப்பைக் கூட்டுகின்றன. சீமை மாடுகளைவிட நம் திமில் மாடுகளுக்கு வியர்வைச் சுரப்பிகளும் அதிகம். கொழுக்கட்டைப் புல் வளர்ந்த கொரங்காட்டில், அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள், பகலெல்லாம் மேய்ந்துவிட்டு உச்சி வெயிலுக்கு மட்டும் வெள்வேல மரத்தடியில் அது ஒதுங்கும்.

எருமை அப்படியல்ல. கறுத்த தோல், அடர்த்தியில்லாத மயிர், மாட்டைவிட மிகக் குறைந்த வியர்வைச் சுரப்பிகள். வெயிலை முழுதாக வாங்கிக்கொள்ளும் உடம்பு, வெளியே தள்ள வழியில்லாத உடம்பு. அதனால் அதற்குக் குட்டை வேண்டும். மூக்கு மட்டும் வெளியே தெரியத் தண்ணீரில் கிடந்துவிட்டு, எழுந்திருக்கும்போது உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு வரும். அந்தச் சேறு காயும்வரை நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீர் தருவதைவிட நீண்ட நேரம் குளிர்ச்சி நிற்கும்.

குரும்பப்பட்டியில் கடமானைப் பார்க்கும்போது இந்த எருமையை நினைத்துக்கொள்ளுங்கள். கடமானும் சேற்றில் புரள விரும்பும் விலங்கு. இரவிலும் விடியலிலும்தான் நடமாட்டம் அதிகம். பகலில் அதன் இடத்தில் ஈரச் சேறு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பூங்காவில் யாரோ ஒருவர் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்று பொருள். புள்ளிமான்கள் கூட்டமாக நிழலை ஒட்டி நிற்கும். நிழல் நகர நகர அவையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதை அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் கண்ணால் பார்த்துவிடலாம். தென்னிந்தியாவில் புள்ளிமான் கிடாக்கள் பலவும் முற்றிய கொம்போடு இணைசேரத் திரிவது கோடைக் காலத்தில்தான். அதனால் வெயில் தணிந்தபின் கிடாக்கள் முட்டிக்கொள்வதையும், தொண்டை அதிரக் கத்துவதையும் காண அதுதான் நல்ல காலம். நாம்தான் தவறான நேரத்தில் போய் நிற்கிறோம்.

புலி ஏன் பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்குகிறது

பூனைக் குடும்பத்தின் பெரிய விலங்குகளுக்குக் குளிர்ச்சி தரும் வியர்வைச் சுரப்பிகள் உள்ளங்காலில்தான். மற்ற இடமெல்லாம் மயிர் மூடிய தோல். புலி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும், அல்லது தண்ணீரில் உட்கார வேண்டும். தண்ணீர் கிடைத்தால் அது இறங்கும் விதம் பார்க்க வேண்டிய ஒன்று. பல சமயம் முகத்தில் நீர் தெறிக்காதபடி திரும்பிக்கொண்டு, பின்னங்கால்களை முதலில் இறக்கி, மெல்லப் பின்னே நகர்ந்து, கழுத்துவரை நனைந்தபின் முன்னங்கால்களைக் கரையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். மணிக்கணக்கில் கிடக்கும்.

இதில் சிறைப்பட்ட சோகம் எதையும் நாம் ஏற்றிப் பார்க்க வேண்டாம். 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காட்டில், மே மாத நடுப்பகலில் ஒரு புலி என்ன செய்துகொண்டிருக்கும்? பள்ளத்து ஓரம் நிழலில், முடிந்தால் தேங்கிய தண்ணீரில், இதே போலத்தான் படுத்திருக்கும். புலி ஒரு நாளின் பெரும்பகுதியை ஓய்வில் கழிக்கும் விலங்கு. இறைச்சி செரிக்கும்போது உடம்பில் சூடு நன்றாக ஏறும் என்பதால், ஊனுண்ணிகளுக்குச் சாயங்காலம் உணவு வைப்பதும் இந்தக் கணக்குக்குப் பொருந்திய வழக்கம்தான்.

கவலைப்பட வேண்டிய அறிகுறி வேறு. கம்பி ஓரமாக ஒரே தடத்தில், ஒரே இடத்தில் திரும்பி, போவதும் வருவதுமாக ஒரு விலங்கு நடந்துகொண்டே இருந்தால், அதைப் பார்த்து "அடடா, நல்லா நடக்குது பாரு" என்று கூட்டம் மகிழும். இப்படி மாறாமல் திரும்பத் திரும்பச் செய்வது மன அழுத்தத்தின் அடையாளமாக இருக்கலாம் என்று விலங்கு மருத்துவர்கள் சொல்வார்கள். கொளுத்தும் வெயிலில், எச்சில் ஒழுக, கால் தடுமாறி நிற்கும் விலங்கைக் கண்டால் உடனே அங்கிருக்கும் ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். நிழலில் நிம்மதியாகத் தூங்கும் விலங்கு நலமாகத்தான் இருக்கிறது.

யானையின் சூட்டுக்கணக்கு

யானையிடம் இந்தச் சிக்கல் உச்சத்துக்குப் போகிறது. உடம்பு பெருக்கப் பெருக்க அதன் எடை ஏறும் வேகத்துக்குத் தோலின் பரப்பு ஈடுகொடுக்காது. எலிக்கு உடம்பின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். சூடு சட்டென்று போய்விடும். யானைக்கு நாலைந்து டன் எடையில் சூடு உண்டாகிக்கொண்டே இருக்க, வெளியேறும் பரப்போ அதற்குத் தகுந்த அளவில் இல்லை. போதாக்குறைக்குக் கால் நகத்தை ஒட்டிய இடம் தவிர அதற்கு வியர்வைச் சுரப்பியும் கிடையாது.

அதனால் யானை பல வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறது. காதின் தோல் மெல்லியது; அதன் பின்பக்கம் தடித்த ரத்தக் குழாய்கள் வலைபோல ஓடுவது வெளியிலிருந்தே தெரியும். அந்தக் காதை விசிறும்போது ரத்தம் குளிர்ந்து உடம்புக்குத் திரும்புகிறது. தும்பிக்கையால் தண்ணீரை முதுகில் பீய்ச்சி, அதன்மேல் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். நாம் அசிங்கம் என்று நினைக்கும் அந்த மண்தான் அதற்கு வெயில் மறைப்பு. தோலில் இருக்கும் சுருக்கங்களும் வெடிப்புகளும் நீரையும் சேற்றையும் பிடித்து வைத்து நெடுநேரம் ஆவியாக விடுகின்றன. இதையெல்லாம் செய்தும் மிஞ்சுகிற சூட்டை, பகலெல்லாம் உடம்பிலேயே ஏற விட்டு வைத்திருந்து, இரவுக் குளிர்ச்சியில் வெளியே விட்டுவிடும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொங்கு நாட்டுப் பூங்காக்களைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான குறை இதில்தான் தொங்குகிறது.

யானைகளை உயிரியல் பூங்காக்களில் வைத்திருக்கக் கூடாது, முகாம்களுக்கு மாற்ற வேண்டும் என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-இல் உத்தரவிட்டது. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அதனால் நட்டமில்லை. டாப்சிலிப் பக்கம் கோழிகமுத்தி முகாமுக்குப் போனால் யானைகள் இருக்கின்றன. தடாகம், தொண்டாமுத்தூர், மதுக்கரைப் பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேட்டால், யானை தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை, அதுவே வருகிறது என்பார்கள். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். மலையில் ஓடைகள் வற்றும் கோடையில் அது கீழே இறங்காமல் என்ன செய்யும்? வனத்துறை காட்டுக்குள் கட்டியிருக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கு லாரியில் நீர் கொண்டுபோய் நிரப்புவது இதற்காகத்தான்.

நாமக்கல் கோழிகள் சொல்லித்தந்தது

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி அறவே இல்லை. உடல் வெப்பமோ 41 டிகிரியை ஒட்டி இருக்கும். இதன் விளைவை நாமக்கல்லைப் போல நன்றாக அறிந்த ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை. கோடை வந்தால் கோழி தீவனம் எடுப்பது குறையும். அலகைத் திறந்து வேகவேகமாக மூச்சிரைக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்திலிருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கரியமில வாயு குறைந்தால் கார்பனேட்டுக்குத் தட்டுப்பாடு. முட்டை ஓடு மெலிந்து, கூடையில் வைக்கும்போதே கீறல் விடும். வெயிலுக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவே இப்படி ஒரு நேர்க்கோடு ஓடுவது எனக்கு எப்போதும் வியப்பான விஷயம். பண்ணைக்காரர்கள் கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பி நனைக்கிறார்கள், தெளிப்பான் போடுகிறார்கள், தீவனத்தைக் காலையிலும் சாயங்காலமும் மட்டும் வைக்கிறார்கள், தண்ணீரில் சோடா உப்பு கலக்கிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வரும் வானிலை ஆலோசனையைப் பார்த்தே பலர் அந்த வார வேலையைத் திட்டமிடுகிறார்கள்.

பூங்காவில் பறவைக் கூண்டுக்கு முன்னால் நிற்கும்போது இதே மூச்சைத் தேடுங்கள். அலகு சற்றே திறந்திருக்கும், தொண்டைத் தோல் துடித்துக்கொண்டிருக்கும். பாடுகிறது, கூப்பிடுகிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஈமுவை மறுபடி பார்க்கக் கொங்கு நாட்டில் பலருக்கு மனசு வராது. 2012-இல் ஈமு பண்ணைகள் சரிந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. பறவைமேல் குற்றமில்லை. அதன் இறகின் கறுத்த நுனியே வெயிலின் சூட்டை வாங்கிக்கொண்டு, தோல் வரைக்கும் அது இறங்காமல் தடுத்துவிடும். நல்ல வெயிலில் திறந்தவெளியில் மேய அதற்கு முடிவது அதனால்தான். நாரை இனங்கள் சில தம் கால்களின் மேலேயே எச்சமிட்டு, அது ஆவியாவதில் குளிர்ச்சி தேடும். வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் நாரையின் கால் வெள்ளை பூசியதுபோல இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

வாயைத் திறந்து வைத்திருக்கும் முதலை

அமராவதி முதலைப் பண்ணை 1970-களின் நடுவில், நாடு முழுக்க முதலைகள் அழிந்துகொண்டிருந்த காலத்தில் தொடங்கியது. அணையின் கரையோரங்களில் முதலை இட்ட முட்டைகளை எடுத்துவந்து பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து மறுபடி நீர்நிலைகளில் விட்டார்கள். சின்னாறும் தேனாறும் பாம்பாறும் சேரும் அந்த அணைதான் தென்னிந்தியாவில் சதுப்புநில முதலைகள் இயல்பாகப் பெருகும் முக்கியமான இடங்களில் ஒன்று.

அங்கே நான் நின்று பார்த்த ஒரு முதலையைச் சொல்கிறேன். தொட்டிக் கரையில், வால் தண்ணீரிலும் உடம்பு தரையிலுமாகக் கிடந்தது. முதுகின் செதில்களில் சேறு காய்ந்து சாம்பல் நிறமாக வெடித்திருந்தது. வாய் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே வெளிர் மஞ்சள் தோல் ஈரமாக மின்னியது. ஒரு ஈ கீழ்ப்பல்லில் உட்கார்ந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தது. முதலை கண்ணிமைக்கவில்லை. பக்கத்தில் நின்ற சிறுவன், "அப்பிச்சி, இது பொம்மைங்களா?" என்று கேட்டான். "பொம்மையில்ல கண்ணு, வெயிலு காயுது" என்றார் பெரியவர். சரியான பதில்தான், பாதி அளவுக்கு. முதலைக்கு உள்ளேயிருந்து சூடு உண்டாக்கிக்கொள்ளும் உடம்பு இல்லை. சூரியனிடமிருந்தும் தரையிலிருந்தும்தான் அது வாங்க வேண்டும். போதிய அளவு ஏறியதும் வாயைத் திறந்து வாய்க்குள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக விட்டுத் தலையைக் குளிர வைத்துக்கொள்கிறது. (இரவிலும் மழையிலும்கூட முதலைகள் வாய் திறந்து கிடப்பதுண்டு, ஆகவே சூடு ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.) கொஞ்ச நேரத்தில் அந்த முதலை, யாரையும் பாராமல், பின்பக்கமாகச் சறுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. வெயில், நிழல், நீர் மூன்றும் எட்டும் தூரத்தில் இருந்ததால் அதனால் அப்படிச் செய்ய முடிந்தது.

இன்னொரு செய்தியும் அமராவதியில் சொல்லத் தகுந்தது. முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மண்ணின் சூடு தீர்மானிக்கிறது. 28-இலிருந்து 31 டிகிரிவரை நிலையாக இருந்தால் பெண் குஞ்சுகள்தான், 32.5 டிகிரியை ஒட்டினால் ஆண். ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் ஒரு தலைமுறையின் போக்கே மாறிவிடுகிறது. மழைக்கு முன்னால், கோடையில்தான் முட்டை பொரியும் காலம் வருகிறது என்பதால், கோடை கடுமையாவது முதலைக்குச் சின்ன விஷயம் இல்லை.

இடமும் இரவும்

இப்போது வ.உ.சி. பூங்கா. 1965-லிருந்து கோவை மாநகராட்சி நடத்திவந்த, ஊருக்கு நடுவில் நாலைந்து ஏக்கரில் அமைந்த உயிரியல் பூங்கா. கோவையில் வளர்ந்த இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் முதலையையும் மயிலையும் குரங்கையும் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-இல் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. விலங்குகளுக்குப் போதிய இடமில்லை என்பது முக்கியமான காரணம். பிறகு விலங்குகள் வேறு பூங்காக்களுக்குப் போயின. புள்ளிமான்களைச் சிறுவாணி மலையடிவாரக் காட்டுக்கு அனுப்பினார்கள். மூடியதில் கோவைக்காரர்கள் பலருக்கு வருத்தம் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் அந்த முடிவு சரியானதே. சின்ன இடத்தில் ஒரு விலங்குக்கு நிழல் இருக்கலாம், தண்ணீர் இருக்கலாம், தீவனமும் இருக்கலாம். எங்கே இருப்பது என்று தானாகத் தீர்மானிக்க இடம் இருக்காது. காலையில் வெயில், பதினோரு மணிக்கு மரத்தடி, இரண்டு மணிக்குத் தண்ணீர், நாலு மணிக்குக் காற்று வரும் மேடு என்று நகர்ந்துகொண்டே இருப்பதுதான் வெயிலைச் சமாளிக்கும் வழி என்றால், அப்படி நகர முடியாத இடம், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கோடையில் தண்டனைதான்.

கோடையில் பூங்காக்கள் செய்யும் ஏற்பாடுகளைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். தர்ப்பூசணி, வெள்ளரி, பழங்களைப் போட்டு உறைய வைத்த பனிக்கட்டி, தெளிப்பான், கூண்டைச் சுற்றிச் சாக்குத் தட்டி. இவை நல்லவையே. கரடி பனிக்கட்டியைக் கட்டிப்பிடித்து நக்குவதைப் பார்க்கப் பிள்ளைகளும் விரும்புவார்கள். ஆனால் இவை எல்லாம் பகலுக்கானவை. சாயங்காலம் பூங்கா மூடியதும் பெரும்பாலான விலங்குகள் இரவுக் கூண்டுக்குள் போக வேண்டும். அது கான்கிரீட் அறையாக இருந்தால், பகலெல்லாம் வாங்கிய சூட்டை அந்தச் சுவரும் கூரையும் இரவில்தான் வெளியே விடும். மொட்டை மாடி வீட்டில் மே மாதம் தூங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நாம் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வோம். யானை மட்டுமல்ல, பல பெரிய விலங்குகளும் பகலில் சேர்ந்த சூட்டை இரவில்தான் இறக்கி வைக்கின்றன. இரவு முழுக்கச் சூடான அறையில் இருந்தால், மறுநாள் வெயிலை அவை பழைய சூட்டோடுதான் எதிர்கொள்ள வேண்டும். நான்கைந்து நாள் தொடர்ந்து வெப்ப அலை அடிக்கும்போது ஆபத்து வருவது இந்த வழியில்தான்.

நாமக்கல் பண்ணையில் கோழிக்குச் செய்யும் கூரை ஏற்பாட்டை, சேலத்தில் கடமானுக்கும் முதலைக்கும் மயிலுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்வது நம்மால் முடியாத காரியமல்ல. கூரைமேல் கீற்று அல்லது வெள்ளைப் பூச்சு, எதிரெதிரே காற்றோட்டத் திறப்பு, மேற்குச் சுவரை மறைக்க வேம்பும் புங்கமும். மரம் நட்டு நிழல் வரப் பத்து வருஷம் ஆகும் என்பதால், பூங்காவை விரிவாக்கும்போது கட்டடத்துக்கு முன்பே நட வேண்டியது மரத்தைத்தான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பூங்கா திறக்கும் நேரத்துக்கே வாசலில் நின்றுவிடுங்கள்; பத்தரைக்குள் பெரிய விலங்குகளைப் பார்த்து முடித்துவிட்டு, உச்சி வெயிலில் பாம்பு, ஆமை, முதலைப் பக்கம் நிழலாகப் பார்த்து நில்லுங்கள். முடியாவிட்டால் மூன்றரை மணிக்கு மேல் போங்கள். கோடை மழை பெய்த மறுநாள் காலை கிடைத்தால் விடவே விடாதீர்கள். மண் குளிர்ந்து, எல்லா விலங்கும் வெளியே நிற்கும். பூங்காக்கள் வாரத்தில் ஒரு நாள் பார்வையாளர்களுக்கு மூடியிருக்க வேண்டும் என்பது விதி. எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பிள்ளைகளுக்குக் காலணி கட்டாயம், தார்ப்பாதை கொதிக்கும். கைக்குழந்தையோடும் வயதான ஆத்தா, அப்பாருவோடும் போகிறவர்கள் நடுப்பகலைத் தவிர்த்தே ஆக வேண்டும். தலை சுற்றுகிறது என்று அவர்கள் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது.

தின்பண்டம் எதையும் உள்ளே வீசாதீர்கள். வெயிலில் வாடிய விலங்குக்கு இரக்கப்பட்டு முறுக்கும் சிப்ஸும் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு அதிகமான தீனி தாகத்தைத்தான் கூட்டும். கல்லெறிவது, சீண்டுவது, கூச்சலிட்டுத் தொந்தரவு செய்வது, உணவு போடுவது, குப்பை வீசுவது எல்லாவற்றையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு தடை செய்கிறது. சிறைத் தண்டனைவரை போகக்கூடிய குற்றம். படுத்திருக்கும் விலங்கை எழுப்பி நாலடி நடக்க வைத்தால், அது அரும்பாடுபட்டுக் குறைத்து வைத்திருந்த சூடு மறுபடி ஏறும். அதைத் தணிக்க அது இன்னும் தண்ணீரைச் செலவழிக்க வேண்டும்.

பூங்காக்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. ஒவ்வொரு இரவுக் கூண்டிலும் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலையிலும் அது காட்டும் அளவை மறுநாள் காலை கூண்டுக்கு வெளியே ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதி வைக்கட்டும். ஆகும் செலவு மிகக் குறைவு. எந்தக் கூரைக்கு முதலில் கீற்று வேண்டும் என்பது அந்தப் பலகையிலிருந்தே தெரிந்துவிடும். அதைப் படிக்கிற பார்வையாளரும், உள்ளே கிடக்கும் புலி ஏன் எழவில்லை என்று காவலரிடம் சண்டைக்குப் போகமாட்டார்.